முகப்பைக் கடைசியில் செய்யுங்கள்: சிறிய அருங்காட்சியகத்துக்கு ஓர் இணையதளம்

அருங்காட்சியகத்துக்கு இணையதளம் வேண்டும் என்று யார் வந்தாலும் முதல் பேச்சு முகப்புப் பக்கத்தைப் பற்றித்தான் இருக்கும். மேலே திருவள்ளுவர் சிலை வரவேண்டும், பின்னால் அலை அடிக்கவேண்டும், படங்கள் தானாக நகரவேண்டும், கூடவே கொஞ்சம் நாதஸ்வரம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "மொத்தம் எத்தனை பொருள் இருக்கு?" பேச்சு அங்கேயே நின்றுவிடும். "முந்நூறு இருக்கும். நானூறுகூட இருக்கலாம்." யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இணையதளம் செய்வது அந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. கணினி மொழி எதுவும் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் அருங்காட்சியகம் என்றால் பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்தில் இருப்பதும், கன்னியாகுமரியில் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் உடனே நினைவுக்கு வரும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை, கோவிலிலோ தேவாலயத்திலோ ஒரு மாடி, பழைய ஓட்டுவீட்டின் நெல்லறை என்று சின்னச் சின்னத் தொகுப்புகளும் உண்டு. அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருப்பவரை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

ஒரு அருங்காட்சியக இணையதளத்துக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. நேரில் வரப்போகிறவருக்கு நேரம், வழி, கட்டணம் சொல்வது ஒன்று. உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது என்று காட்டும் பட்டியல் இன்னொன்று. அந்தப் பொருள்களை வைத்துச் சொல்லும் கதைகள் மூன்றாவது. இதில் நடுவில் இருக்கும் பட்டியல்தான் முதுகெலும்பு. அது சரியாக இருந்தால் மற்ற இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அது இல்லாமல் கட்டிய இணையதளம், வாசலில் தோரணம் கட்டிவிட்டு உள்ளே சமையலே ஆரம்பிக்காத கல்யாண வீடு.

ஒரு கிண்டியும் ஒரு சீட்டும்

தக்கலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் சேர்த்துவைத்திருந்த பொருள்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். உறி, எழுத்தாணி, நாழி, இடங்கழி என்ற அளவுப் படிகள், ஓலைக் கடவம், மூலையில் ஒரு பெரிய நெல் பத்தாயம், ஒரு வில்லுப்பாட்டுக் குழு பயன்படுத்திய வில். இவற்றுக்கு நடுவே ஒரு பாத்திரம். உருண்டை வயிறு, மேலே அகன்ற வாய், பக்கவாட்டில் மெல்லிய மூக்கு. அதன் அடியில் நான் தட்டச்சு செய்து வைத்த சீட்டில் "மூக்குச் செம்பு, பித்தளை" என்று இருந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். "இது கிண்டில்லா மக்களே! செம்புன்னா எழுதி வச்சிருக்க? பித்தளையும் இல்ல, வெங்கலம். தட்டிப் பாரு, மணி மாதிரி கேக்கும்." தட்டினேன். மணி மாதிரித்தான் கேட்டது. வெளியே போய்விட்டு வருகிறவர்கள் கால் கழுவிவிட்டு ஏறுவதற்காகத் திண்ணையில் தண்ணீரோடு அது இருக்கும் என்றும் சொன்னார்.

பெயர், உலோகம், பயன் மூன்றையும் பாட்டி ஒரே நிமிடத்தில் தந்துவிட்டார். நான் எழுதியிருந்த இரண்டு சொல்லில் ஒன்று தப்பு, இன்னொன்று யாரும் தேடாத சொல். மும்பையில் வேலை பார்க்கும் ஒருவர் தன் பாட்டி வீட்டுத் திண்ணையில் இருந்த பாத்திரத்தை நினைத்துக்கொண்டு கூகுளில் தேடினால் "கிண்டி" என்றுதான் அடிப்பார். அகராதியைப் பார்த்துத் தேடுகிறவர் "கெண்டி" என்று அடிக்கலாம். திருவனந்தபுரத்துக்காரர் மலையாள எழுத்தில் அடிப்பார். மூன்று பேருக்கும் ஒரே பக்கம் கிடைக்கவேண்டும் என்றால், மூன்று சொல்லும் அந்தப் பக்கத்தில் எழுத்தாக இருக்கவேண்டும். தேடுபொறிக்குப் படத்தில் இருக்கும் கிண்டியைவிட எழுத்தில் இருக்கும் கிண்டிதான் நன்றாகத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை போடவேண்டும். அருங்காட்சியகக்காரர்கள் இதை ஆவண அட்டை என்பார்கள். கணினிக்காரர்கள் மெட்டாடேட்டா, அதாவது மேல்தரவு என்பார்கள். ஒரு பொருளைப் பற்றிய தகவல், அவ்வளவுதான். கிண்டிக்குப் பிறகு நாங்கள் போட்ட அட்டை இப்படி இருந்தது:

சேர்க்கை எண்: 2023.4.11
பெயர்: கிண்டி
வேறு பெயர்கள்: கெண்டி, കിണ്ടി, மூக்குச் செம்பு
எதனால் ஆனது: வெண்கலம்
அளவு: உயரம் 21 செ.மீ., வாய் விட்டம் 9 செ.மீ.
காலம்: கொல்லம் 1099 வெள்ளத்துக்கு முன்
பயன்: திண்ணையில் கால் கழுவத் தண்ணீர் வைக்க
கிடைத்த இடம்: தக்கலை வட்டாரம்
நிலை: மூக்கு சேருமிடத்தில் பழைய பற்றாசு (உலோக ஒட்டு)
கொடுத்தவர்: (வெளியே காட்டவேண்டாம்)

சேர்க்கை எண்ணைப் பாருங்கள். 2023இல் வந்தது, அந்த ஆண்டு நான்காவதாக வந்த நன்கொடை, அதில் பதினோராவது பொருள். இதில் அலங்காரம் ஒன்றும் கிடையாது, ஆனால் இதுதான் அந்தப் பொருளின் ஆதார் எண். பெயர் மாறலாம், காலக்கணிப்பு மாறலாம், அலமாரி மாறலாம். எண் மட்டும் மாறவே கூடாது. பின்னால் இணையப் பக்கத்தின் முகவரியிலும் இந்த எண்ணையே வைக்கப்போகிறோம்.

அட்டையில் என்னென்ன வரிகள் இருக்கவேண்டும் என்று நாமே மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். டப்ளின் கோர் என்று ஒரு பொது வரையறை இருக்கிறது, மொத்தம் 15 வரிகள்: தலைப்பு, உருவாக்கியவர், காலம், வகை, உரிமை என்று போகும். 1995இல் கூடிப் பேசித் தொடங்கினார்கள். டப்ளின் என்றதும் அயர்லாந்து என்று நினைக்கவேண்டாம், இது அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் இருக்கும் ஊர். நம் அட்டையின் வரிகளை இந்த 15க்குப் பொருத்தி வைத்துக்கொண்டால், நாளைக்கு வேறொரு மென்பொருளுக்கு மாறும்போதோ பெரிய நூலகம் ஒன்றோடு பட்டியலைப் பகிரும்போதோ மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.

எதில் எழுதுவது? எக்செல் அல்லது கூகுள் ஷீட் போதும். ஒரு வரி ஒரு பொருள், மேலிருந்து கீழே போகும் ஒரு பத்தி ஒரு தகவல். அட்டையில் வரியாக இருந்தது இங்கே பத்தி ஆகிவிடும். நானூறு வரி முடிந்த அன்று பாதி இணையதளம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்பது எந்தத் தொண்ணூற்றொன்பது?

கிண்டியைக் கொடுத்த வீட்டார், "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு முந்தியே வீட்டுல இருந்தது" என்றார்கள். அட்டை எழுத வந்த கல்லூரிப் பையன் பயபக்தியோடு "1999க்கு முன்" என்று எழுதிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தொண்ணூற்றொன்பது, மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் 1099. திருவிதாங்கூரின் பல பகுதிகளை மூழ்கடித்த வெள்ளம் அது, ஆங்கில ஆண்டுக்கு 1924 ஜூலை.

1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய பத்திரம், கல்வெட்டு, ஏடு எதை எடுத்தாலும் கொல்லம் ஆண்டு வந்து நிற்கும். கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது, புத்தாண்டு ஆவணி முதல் தேதி. ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையிலான நாள் என்றால் 825ஐக் கூட்டவேண்டும், அதற்குப் பிறகு டிசம்பர் வரை என்றால் 824. குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்ட் 10, ஆடிக் கடைசி. ஆகவே கொல்லம் 916. ஒரு வாரம் தள்ளி நடந்திருந்தால் 917 ஆகியிருக்கும். மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் கிடைத்தால் "1740–41" என்று இரண்டையும் போட்டுவிடுவதுதான் நேர்மை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மனிதர் படிக்கும் காலமும் கணினி வரிசைப்படுத்தும் காலமும் வேறு வேறு. "கொல்லம் 1099 வெள்ளத்துக்கு முன்" என்பது மனிதருக்கு அழகாகப் புரியும், கணினிக்கு அது வெறும் எழுத்து. அதனால் பட்டியலில் காலத்துக்கு மூன்று பத்திகள் வையுங்கள்: சொன்னபடியே எழுதியது, தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு. கிண்டிக்கு நாங்கள் 1850, 1924 என்று போட்டோம். பழையது முதலில் வரட்டும் என்று பார்ப்பவர் பொத்தானை அழுத்தும்போது இந்த எண்கள்தான் வேலை செய்யும். திரையில் தெரிவது பாட்டி வீட்டுச் சொல்லாகவே இருக்கட்டும்.

விளக்கம் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரை கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். அது சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறுகள் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். அந்தத் தரையைப் பற்றி எழுதினால் "சொல்வார்கள்" என்ற சொல் விட்டுப்போகக் கூடாது. கண்ணால் பார்த்தது, ஆவணத்தில் இருப்பது, செவிவழி வந்தது மூன்றையும் கலந்தடித்து எழுதுவது நம் ஊர் தகவல் பலகைகளின் தீராத வியாதி. செவிவழிச் செய்தியும் செல்வம்தான், அதன் பெயரைச் சொல்லி எழுதினால் போதும்.

படம் எடுப்பது

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். சன்னல் வெளிச்சம், பின்னால் மடிப்பில்லாத சாம்பல் நிறக் காகிதம், பக்கத்தில் ஓர் அளவுகோல். வில்லுப்பாட்டு வில் மாதிரி நீளமான பொருளுக்கு அளவுகோல் கட்டாயம். இல்லையென்றால் ஆளைவிட நீளமான வில் திரையில் கொசுவர்த்தி அளவுக்குத் தெரியும். முன்பக்கம், பக்கவாட்டு, உள்பக்கம், அடிப்பக்கம் என்று நான்கு படம். பாத்திரத்தின் அடியையும் கழுத்தையும் மறக்காதீர்கள், சொந்தக்காரர் பெயரின் முதலெழுத்து அங்கேதான் வெட்டியிருக்கும்.

செல்போனில் எடுத்த படம் ஒன்று நான்கு, ஐந்து மெகாபைட் வரும். ஒரு பக்கத்தில் அப்படி இருபது படம் போட்டால் எண்பது, நூறு மெகாபைட். மலையோரக் கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் பார்க்கிறவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். மூலப்படத்தைத் தொடாமல் தனியே பத்திரப்படுத்திவிட்டு, 1600 பிக்சல் அகலத்தில், 300 கிலோபைட்டுக்குள் அடங்கும் நகலைத் தளத்தில் ஏற்றுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இருப்பிட வசதி திறந்திருந்தால் செல்போன் படத்துக்குள் அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கும். கொடுத்தவர் வீட்டிலேயே வைத்து எடுத்த பஞ்சலோகச் சிலையின் படத்தை அப்படியே ஏற்றினால், திருடனுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி. ஏற்றுவதற்கு முன் அந்தத் தகவலை நீக்குங்கள். படத்தைச் சுருக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கும்.

தமிழ் எழுத்து செய்யும் குறும்பு

தளத்தில் தேடல் பெட்டி வைத்தாயிற்று. "கோட்டை" என்று அடித்தால் வட்டக்கோட்டைப் படம் வரவேண்டும். வரவில்லை. பக்கத்தில் கோட்டை என்று கண்ணெதிரே எழுதியிருக்கிறது, ஆனாலும் வரவில்லை. பேய் பிடித்ததா என்றால், இல்லை, யூனிகோடு. ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் ஒரு குறியீடு வைக்கும் பொது முறை அது.

"கோ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறியீடாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது அடிக்கடி வரும். இதற்கு மருந்து உண்டு: யூனிகோடு சீராக்கம். அதில் என்எஃப்சி (NFC) என்ற வகையைப் பட்டியலுக்கும் தேடல் பெட்டிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தளம் செய்து தருகிறவரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், அவர் உங்களை மரியாதையோடு பார்ப்பார்.

ஆனால் சீராக்கம் தீர்க்காத வம்பும் இருக்கிறது. "பௌத்தம்" என்பதில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாகப் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து "பெளத்தம்" என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கையால்தான் தேடித் திருத்தவேண்டும். சமண, பௌத்தச் சான்றுகளைப் பற்றி எழுதும் தளத்தில் இது சில்லறைப் பிரச்சினை இல்லை.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். சமணப் பாறைச் சிற்பங்கள் இருக்கும் மலையைச் சிதறால் என்றும் சித்தறால் என்றும் எழுதுகிறார்கள். பழைய பெயர் திருச்சாரணத்துமலை. ஒன்றைத் தலைப்பில் வைத்து, மற்றவற்றை "வேறு பெயர்கள்" வரியில் போடுங்கள். ஆங்கில எழுத்தில் வழங்கும் வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளச்சலுக்கும் தக்கலைக்கும் ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டல் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியது, நாமே வாசித்தால் வேறு ஊர் என்று நினைப்போம். ஆனாலும் ஊர்ப் பலகையிலும் வரைபடத்திலும் அதைப் பார்த்துவிட்டு அப்படித் தேடுகிறவர்கள் உண்டு.

ஏடுகளோ பழைய கணக்கோலைகளோ உங்களிடம் இருந்தால் அவற்றில் முந்திரி, காணி, மா என்று பின்னக் குறிகள் வரும். இவற்றுக்கு 2019இல் வந்த யூனிகோடு 12ஆம் பதிப்பிலிருந்து இடம் உண்டு. எழுத்துரு அதற்கு ஆதரவு தராவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். முதலில் ஒரு பழைய செல்போனில் சோதித்துப் பாருங்கள்.

எழுத்துரு என்றதும் ஒரு வேண்டுகோள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தெளிவான இலவச எழுத்துரு போதும். ஆங்கிலத்துக்குச் செய்த வடிவத்தில் தமிழை அப்படியே கொட்டாதீர்கள். நம் சொற்கள் நீளம், மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு. வரிகளுக்கிடையே இடம் தாராளமாக வேண்டும், எழுத்தின் அளவைப்போல ஒன்றே முக்கால் மடங்கு வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பொத்தான்கள் அகலமாக இருக்கட்டும். "தொடர்புகொள்ளுங்கள்" என்ற சொல் பொத்தானுக்குள் மடங்கி இரண்டு வரியாகக் கிடப்பதைப் பார்த்தால் அது தமிழுக்காகச் செய்த தளம் இல்லை என்று தெரிந்துவிடும்.

பார்க்க முடியாதவருக்கும்

அரக்குச் சிவப்புப் பின்னணியில் பொன்னிற எழுத்து. பாரம்பரியம் என்றாலே இந்தச் சேர்க்கைதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. பொன் மங்கினால் படிக்க முடியாது. இணைய அணுக்கத்துக்கான, அதாவது எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான உலகப் பொது வரையறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்கிறது. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. வெயிலில் நின்று செல்போன் பார்ப்பவருக்கும் இது உதவும், பார்வை குறைந்தவருக்கு மட்டுமில்லை.

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்து இணையத்தைக் கேட்கிறார்கள். என்விடிஏ (NVDA) என்ற இலவச மென்பொருள் தமிழையும் வாசிக்கும். அது படத்தைத் தானாக வாசிக்காது. படத்தோடு நாம் எழுதிவைக்கும் மாற்று உரையை வாசிக்கும். அங்கே "படம் 14" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "கிண்டி" என்று மட்டும் எழுதினாலும் பாதிதான். "உருண்டை வயிறும் அகன்ற வாயும் உள்ள வெண்கலக் கிண்டி, வலப்பக்கம் மெல்லிய மூக்கு மேல்நோக்கி நீள்கிறது" என்று எழுதினால் கையில் எடுத்துப் பார்த்த மாதிரி. இதை எழுதிப் பழகினால் நமக்கும் பொருளைப் பார்க்கும் கண் வரும். மூக்கு சேர்ந்த இடத்தில் பற்றாசு வைத்திருந்ததை மாற்று உரை எழுதும்போதுதான் நான் கவனித்தேன்.

நாதஸ்வரம் என்று சொன்னார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கம் திறந்ததும் தானாக ஒலிக்கும் இசை வேண்டவே வேண்டாம். திரைவாசிப்பானின் குரலை அது மூழ்கடிக்கும். பஸ்ஸில் பார்க்கிறவர் பதறியடித்து மூடிவிடுவார். அதற்குப் பதில் வில்லின் பக்கத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் வீசுகோல் நாணில் பட்டு மணிகள் குலுங்கும் சத்தம், கூடவே குடமும் உடுக்கையும், அரை நிமிடம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊமையாக இருக்கும் வில்லுக்கு அங்கே வாய் கிடைக்கும்.

எதை ஏற்றக்கூடாது

இருப்பதையெல்லாம் ஏற்றவேண்டும் என்று ஒரு வேகம் வரும். கொஞ்சம் நில்லுங்கள்.

குமரி மாவட்டத்தில் வர்ம ஏடுகள் ஆசான் வழியில் வருபவை. எந்த இடத்தில் தொட்டால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் சும்மா சொல்லித்தர மாட்டார்கள். அப்படி ஓர் ஏடு நன்கொடையாக வந்தாலும், அதன் பக்கங்களைப் படமெடுத்து உலகத்துக்கே திறப்பதற்குக் கொடுத்தவர் சம்மதித்தாரா என்று தனியாகக் கேட்கவேண்டும். நாட்டுத் தெய்வங்களுக்கு எடுக்கும் கொடைவிழாவில் பாடும் கதைப்பாட்டு ஏடும் அப்படித்தான், அது பாட்டை நடத்தும் ஓர் அண்ணாவியின் குடும்பச் சொத்தாக இருக்கலாம். பட்டியலில் "காட்டலாம்", "பெயர் மட்டும்", "காட்டவேண்டாம்" என்று ஒரு பத்தி போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டு நிரப்புங்கள். கொடுத்தவரின் கையெழுத்தோடு ஒரு தாளும் வாங்கி வையுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம், நாணயம், உலோகப் படிமம் போன்றவை தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. பதிவு செய்யவேண்டிய வகைப் பொருள் உங்களிடம் இருந்தால், அதை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் பதிவு வேலையை முடித்துவிடுங்கள்.

படத்தின் உரிமையும் பொருளின் உரிமையும் வேறு. கிண்டிக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எடுத்த படத்துக்கு உண்டு. மாணவர்கள் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால் மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு படத்தின் அடியிலும் எழுதிவிடுங்கள். படத்தின் நடுவில் பெயரைக் குறுக்காகப் பதிப்பதால் திருட்டு நிற்காது, பொருள் மறையும்.

எந்த மென்பொருள்

கேட்பவர்கள் அதிகம், பதில் சின்னது. பொருள்கள்தான் முக்கியம் என்றால் ஒமேகா (Omeka). அருங்காட்சியகம், நூலகம் போன்றவற்றுக்காகவே அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் ஒன்று உருவாக்கிய இலவச மென்பொருள், டப்ளின் கோர் அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் எக்செல்லில் செய்த பட்டியலை மொத்தமாக உள்ளே ஏற்றலாம். அறிவிப்பும் நிகழ்ச்சியும் கட்டுரையும்தான் அதிகம், பொருள்கள் ஐம்பதுக்குள் என்றால் வேர்ட்பிரஸ் போதும். இந்திய அரசின் தேசிய அருங்காட்சியகங்களுக்காக சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் செய்த ஜதன் என்ற மென்பொருளும் உண்டு, அது பெரிய நிறுவனங்களுக்கானது. முதலிலிருந்து எல்லாவற்றையும் தானே எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் யோசியுங்கள். அவர் வெளிநாடு போன பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட ஆள் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தொகுப்பில் அதுதான் நடந்தது. தளம் இன்றும் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் மட்டும் பழையதாகவே நிற்கிறது.

தளத்தின் பெயரை யார் பெயரில் பதிகிறீர்கள் என்பதும் முக்கியம். செய்து தருகிறவர் தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டால் பெயர் அவருடையது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், மறந்தால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். பதிவும் கடவுச்சொல்லும் அருங்காட்சியகத்தின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். பட்டியலும் மூலப்படங்களும் தளத்தில் மட்டும் இருக்கக்கூடாது. ஒரு வன்தட்டில் ஒரு நகல், வேறொரு வீட்டில் இன்னொரு நகல்.

பொருளின் பக்கம் தயாரானதும் அதன் முகவரியைக் கியூஆர் குறியீடாக அச்சிட்டு அலமாரியில் ஒட்டலாம். இதற்காகத்தான் சேர்க்கை எண்ணை முகவரியில் வைக்கச் சொன்னேன். "கிண்டி" என்று முகவரி வைத்திருந்து, நாளைக்கு இரண்டாவது கிண்டி வந்தால் திண்டாட்டம். 2023.4.11 என்றால் அது என்றைக்கும் ஒன்றுதான், ஒட்டிய சீட்டைக் கிழிக்க வேண்டியதில்லை.

இப்போது முகப்பு

நானூறு அட்டையும் படமும் ஆன பிறகு முகப்புப் பக்கம் ஒரு மதிய வேளை வேலைதான். அதில் என்ன வேண்டும் என்பதை ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்த்தால் தெரியும். மதுரையிலிருந்து வேனில் வருகிறார்கள், சுசீந்திரம் முடித்துவிட்டார்கள், அடுத்து உங்கள் இடம். பின்சீட்டில் முட்டிவலிக்கார அம்மா. ஓட்டுநர் கேட்கிறார்: "சார், தொறந்திருக்குமா?"

பத்மநாபபுரம் அரண்மனை இந்த விஷயத்தில் நல்ல பாடம். நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கள்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், உள்ளே செங்குத்தான மரப்படிகள். இது எதுவும் முன்கூட்டியே தெரியாமல் திங்கள்கிழமை வாசல்வரை வந்து திரும்புகிறவர்கள் உண்டு.

ஆகவே முகப்பின் மேல்பகுதியில், விரலால் தள்ளாமலே தெரியும் இடத்தில், நேரமும் விடுமுறை நாளும் கட்டணமும் இருக்கட்டும். அதன் கீழே வழி, வரைபடத்தோடு எழுத்திலும்: எந்தப் பஸ், எந்த நிறுத்தம், இறங்கி எவ்வளவு நடக்கவேண்டும். படி எத்தனை, கழிப்பறை உண்டா, படம் எடுக்கலாமா. தொட்டால் அழைப்பு போகும் தொலைபேசி எண். பிறகு தேடல் பெட்டி, பட்டியலிலிருந்து நான்கைந்து பொருள்கள். எங்கள் முகப்பில் முதலில் நிற்பது கிண்டி. அதற்கும் மேலே ஒரே ஒரு வரி, கிழமையைப் பார்த்துத் தானாக மாறும்படி வைத்தது: "இன்று திறந்திருக்கிறோம், மாலை 5 வரை."